புதிய மென்பொருள் வரும் நாளிலேயே பழைய பதிவேட்டை மூடிவிடலாமா?

கிடங்குக் கணக்கர் – கேள்வி

வணக்கம். முந்நூறு படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்துக் கிடங்கின் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. புறநோயாளர் பதிவு, ஆய்வகம், மருந்தகம், பில் பிரிவு ஆகிய நான்கையும் ஒரே மென்பொருளின்கீழ்க் கொண்டுவர நிர்வாகம் முடிவெடுத்து, ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. ஏப்ரல் 1 காலை முதல் எல்லாப் பிரிவுகளும் ஒருசேர மாற வேண்டும், அதன்பின் எந்த மேசையிலும் கைப்பதிவேடு இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. நோட்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்வரை ஒருவரும் கணினியில் பதிய மாட்டார்கள் என்பது நிர்வாகத்தின் வாதம். பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் அதை என்னால் முற்றிலும் மறுக்க முடியவில்லை.

என் தயக்கம் வேறு. இரவு இரண்டு மணிக்கு ஒரு வார்டில் ஊசிமருந்து தீர்ந்துபோனால், பொறுப்புச் செவிலியர் பக்கத்து வார்டிலிருந்து இரண்டு ஆம்பூல் கைமாற்றாக வாங்கி, அதற்கென்றே வைத்திருக்கும் நீள நோட்டில் எழுதி வைப்பார். காலையில் கிடங்கு திறந்ததும் இண்டென்ட் (கிடங்கிடம் மருந்து கேட்கும் படிவம்) போட்டு எடுத்து, வாங்கிய வார்டுக்குத் திருப்பிக் கொடுத்து, நோட்டில் அந்த வரியை அடித்துவிடுவார். நிறுவனத்தார் காட்டிய டெமோவில் மருந்து கிடங்கிலிருந்து வார்டுக்குப் போகிறது, வார்டிலிருந்து நோயாளிக்குப் போகிறது. வார்டிலிருந்து வார்டுக்குப் போகும் வழியே அதில் இல்லை. கேட்டபோது, அப்படிச் செய்வது மருத்துவமனையின் விதிகளில் இல்லையே என்றார்கள். விதியில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது இல்லாமல் ஓர் இரவுகூட இங்கே நகராது.

இத்தகைய திட்டங்கள் வெல்வதும் தோற்பதும் உண்மையில் எதைப் பொறுத்தது? பொதுவான அறிவுரைப் பட்டியல்கள் ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டன. நடந்த திட்டங்களை அறிந்தவர்கள் அவற்றை வைத்துச் சொன்னால், நிர்வாகத்திடம் எடுத்துப் பேச எனக்கு உதவியாக இருக்கும்.


பழைய நிரலர் – பதில்

உங்கள் சுற்றறிக்கைக்கு மிக நெருக்கமான ஒரு முடிவை 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை நடைமுறைப்படுத்தியது. என்ன நடந்தது என்பதை 1993 பிப்ரவரியில் வெளிவந்த விசாரணை அறிக்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. தகவல் அமைப்புகளைப் பற்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் இந்த நிகழ்வின் தோல்விப் பாதியை மட்டுமே படிக்கிறார்கள்; அதே நிறுவனம் சில ஆண்டுகளில் அதே வேலையைக் கணினிக்குக் கொண்டுவந்து வென்றது என்பதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு இரண்டு பாதிகளும் தேவைப்படும்.

முதலில் பழைய முறை. அவசர அழைப்பை எடுப்பவர் ஒரு படிவத்தில் விவரங்களை எழுதி, வரைபடப் புத்தகத்தில் இடத்தைத் தேடிக் குறித்து, படிவத்தை ஒரு நகரும் பட்டையில் வைப்பார். அது போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர், ஒரே விபத்தைப் பற்றி இரண்டு மூன்று பேர் அழைத்திருந்தால் அந்தப் படிவங்களைக் கண்டுபிடித்துச் சேர்த்து வைப்பார். பிறகு அந்தந்தப் பகுதிக்குரிய ஒதுக்கீட்டாளர் எந்த வண்டியை அனுப்புவது என்று முடிவு செய்வார். மெதுவான முறைதான். ஆனால் எந்த வண்டி உண்மையில் எங்கே நிற்கும், எந்தக் குழு எந்தச் சாலையை நன்கு அறியும், எது இரட்டை அழைப்பு என்பதெல்லாம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் தலைக்குள் இருந்தன. எந்தப் படிவத்திலும் அவற்றுக்கென ஒரு கட்டம் இல்லை.

புதிய அமைப்பு இந்த அறிவை விலக்கிவிட்டு, வண்டியைத் தேர்ந்தெடுக்கும் வேலையையே கணினியிடம் கொடுத்தது. அதற்கு ஒவ்வொரு வண்டியும் எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்பது ஏறத்தாழப் பிழையின்றித் தெரிந்திருக்க வேண்டும். நடைமுறையில் குழுவினர் பரபரப்பில் நிலையைக் குறிக்கும் பொத்தான்களை வரிசை மாற்றி அழுத்தினார்கள், சில வேளைகளில் அழுத்தவே மறந்தார்கள். ரேடியோ எட்டாத இடங்களும் இருந்தன. தமக்குச் சொல்லப்பட்ட வண்டியை விட்டு வேறொன்றை எடுத்துச் சென்றவர்களும் உண்டு. இவை ஒவ்வொன்றும் சிறு பிழைகளே. ஆனால் வண்டி இருக்கும் இடம் தவறாகத் தெரிந்ததால் கணினி தொலைவில் இருந்த வண்டியையோ ஒன்றுக்குப் பதில் இரண்டையோ அனுப்பியது. அதனால் எச்சரிக்கைச் செய்திகள் பெருகின. திரையில் புதியவை வர வர, கவனிக்கப்படாத பழையவை மேலேறிக் கண்ணுக்கு மறைந்தன. வண்டி வராத மக்கள் மறுபடி அழைத்தார்கள், அந்த அழைப்புகள் வரிசையை மேலும் நீட்டின. மறுநாள் பிற்பகலில் பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள். தலைமை நிர்வாகி பதவி விலகினார்.

விசாரணைக் குழு சொன்ன ஒன்றை உங்கள் நிர்வாகம் அவசியம் படிக்க வேண்டும். அந்த இரண்டு நாள்களில் கணினி தொழில்நுட்ப அளவில் செயலிழக்கவில்லை; எப்படி வடிவமைத்தார்களோ ஏறக்குறைய அப்படியே அது இயங்கியது. உண்மையான செயலிழப்பு நவம்பர் 4 அதிகாலையில்தான் வந்தது. வண்டி அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் சர்வரின் நினைவகத்தில் சிறு பகுதியைப் பிடித்துக்கொண்டு திருப்பித் தராத ஒரு நிரல்துண்டை யாரோ உள்ளே விட்டுவைத்திருந்தார்கள். அது உள்ளே வந்து அப்போது மூன்று வாரங்கள் ஆகியிருந்தன; நினைவகம் சிறுகச் சிறுக நிரம்பி எல்லாம் நின்றுபோனது. நிரலாளர்களான எங்களுக்கு இந்த இரண்டாவது கதைதான் பிடிக்கும். முதல் கதையில் எங்கள் தவறு என்று சுட்டிக்காட்ட ஒரு வரிகூடக் கிடைக்காது என்பதாலேயே அது கூடுதல் பாடம் உள்ளது.

நடைமுறைக்கு வந்த நாளில், தீர்க்கப்படாதவை என்று எழுத்திலேயே பதிவாகியிருந்த குறைகள் 81. அவை யாருக்கும் தெரியாதவை அல்ல. அன்றே கட்டுப்பாட்டு அறையின் இருக்கை அமைப்பையும் மாற்றினார்கள், மூன்று பகுதிகளாகப் பிரிந்து வேலை செய்தவர்களை லண்டன் முழுவதற்கும் ஒன்றாக்கினார்கள், காகிதத்தையும் எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பிக் கேட்கும் வழிகூட அடைபட்டது.

இப்போது இரண்டாம் பாதி. அதற்குப் பிறகு வந்த நிர்வாகம் உடனே கணினிக்குப் போகவில்லை. பழுதான வண்டிகளை மாற்றியது, ஆட்களைக் கூட்டியது, பணியாளர்களுடன் கெட்டுப்போயிருந்த உறவைச் சரிசெய்தது. பின்னர் நிறுவனத்துக்குள்ளேயே உருவாக்கிய எளிய அமைப்பொன்று 1996 ஜனவரியில் வந்தது. முதலில் அழைப்பைப் பதிவு செய்வதும் முகவரியைக் கண்டறிவதும் மட்டுமே கணினியின் வேலை. எந்த வண்டியை அனுப்புவது என்பதை மனிதர்களே தீர்மானித்தார்கள். கட்டுப்பாட்டு அறையினர் மாதிரித் திரைகளைப் பயன்படுத்திப் பார்த்துச் சொன்ன திருத்தங்கள் வடிவமைப்பில் சேர்ந்தன. ஒன்று கைக்குப் பழகிய பிறகே அடுத்த வசதி சேர்க்கப்பட்டது. 1997-ல் அந்த அமைப்பு பிரிட்டிஷ் கணினிச் சங்கத்தின் விருதைப் பெற்றது.

நகரமும் அதே, அழைப்புகளும் அதே மாதிரியானவை; மாறியது கணினியைக் கொண்டுவந்த விதம். வார்டிலிருந்து வார்டுக்குப் போகும் உங்கள் ஆம்பூல்தான் லண்டனில் வரிசை மாறிய பொத்தான்.


டெண்டர் பார்த்தவர் – பதில்

மேலே உள்ள பதிலில் பணத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை. லண்டன் ஒப்பந்தம் 10 லட்சம் பவுண்டுக்குச் சற்றுக் குறைவான தொகைக்கு, மற்றவர்களைவிடப் பெரும் வித்தியாசத்தில் குறைத்துக் கேட்ட ஒரு கூட்டமைப்புக்குப் போனது. அதில் மென்பொருளை எழுதிய சிறு நிறுவனத்துக்கு அவசர ஊர்திக் கட்டுப்பாட்டில் முன் அனுபவம் கிடையாது. விலை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்காமல் கையெழுத்துப் போட்ட இடத்திலேயே அந்தத் திட்டத்தின் தலையெழுத்து முடிவாகிவிட்டது என்பது என் கருத்து. எல்-1 முறையில், அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற முறையில், டெண்டர் விடும் நம் அலுவலகங்களில் இதைத் தினமும் பார்க்கிறோம்.


பழைய நிரலர் – பதில்

விலை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே அதே சேவை வேறொரு திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 75 லட்சம் பவுண்டு செலவான பின் அதிக அழைப்புகளைத் தாங்குமா என்று பார்க்கும் சுமைச் சோதனையில் தேறாததால் 1990-ல் கைவிட்டிருந்தது. ஆக, பணம் கூடுதலாகக் கொடுத்தபோதும் அங்கே வெற்றி வரவில்லை.


துங்கபத்ரா – பதில்

பழைய பதிவேட்டைச் சட்டப்படி செல்லாததாக்கியதாலேயே வென்ற ஒரு திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இல்லையென்றால் கேள்வி கேட்டவர் ஒருபக்கமாகவே யோசிக்க நேரும்.

கர்நாடகத்தின் பூமி திட்டம். சுமார் 67 லட்சம் நில உடைமையாளர்களின் ஏறத்தாழ 2 கோடிப் பதிவுகள், கிராமக் கணக்கர்கள் என்று அழைக்கப்பட்ட சுமார் 9,000 பேரின் கைகளில் கையெழுத்துப் படிகளாக இருந்தன. நம் ஊரில் பட்டா, சிட்டாவுக்குக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைந்த காலத்தை நினைத்துக்கொண்டால் நிலைமை புரியும். அதற்கு முன்பும் 1990-களில் நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் முயற்சி அங்கே நடந்தது. தரவை ஏற்றி முடித்தார்கள். ஆனால் அன்றாடம் செல்லுபடியான ஆவணம் கையெழுத்துப் படியாகவே நீடித்ததால், ஒவ்வோர் உரிமை மாற்றமும் நோட்டில் மட்டும் ஏறியது, கணினியில் இருந்தது சில மாதங்களிலேயே பழங்கணக்காகிவிட்டது. உங்கள் நிர்வாகம் அஞ்சுவது இதைத்தான், அந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு.

பூமி திட்டம் இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் அந்த வாசலை அடைத்தது. தாலுகா அலுவலகத்தில் உள்ள கவுன்டரில் 15 ரூபாய் கட்டினால் கிடைக்கும் கணினிப் படிதான் செல்லும், கைப்படி செல்லாது என்று அறிவித்தார்கள். உரிமை மாற்ற மனுக்கள் வந்த வரிசைப்படியே தீர்க்கப்பட வேண்டும் என்பதை மென்பொருளே கட்டாயமாக்கியது. வேண்டியவர் மனுவை முன்னே இழுப்பதும் வேண்டாதவர் மனுவை அடியில் வைப்பதும் கடினமாயிற்று. யார் எதைப் பதிந்தார் என்று பின்னாளில் மறுக்க முடியாதபடி, உள்ளே நுழைவதற்குக் கைரேகை வைத்தார்கள். 177 தாலுகாக்களுக்கும் அது பரவியது.

அப்படியானால் லண்டனில் தோற்ற அதே உத்தி இங்கே எப்படி வென்றது? நான் கவனித்த வேறுபாடு, கைப்படியைச் செல்லாததாக்கும் அறிவிப்பு எந்த இடத்தில் வந்தது என்பதில் இருக்கிறது. ஏற்றிய தரவை அச்செடுத்து, அதே கிராமக் கணக்கர்களிடம் கொடுத்து, தங்கள் நோட்டுடன் ஒப்பிட்டுத் திருத்திக் கையெழுத்திடச் சொன்னார்கள். அந்தக் கையெழுத்தோடு பிழைக்கான பொறுப்பும் அவர்களிடம் வந்தது. இந்தச் சரிபார்ப்பு முடிந்த பின்னரே அறிவிப்பு, அதுவும் தாலுகா தாலுகாவாக. இடத்துக்குப் போய் விசாரிப்பது, நோட்டீஸ் விடுவது போன்ற வேலைகளைக் கணினியிடம் கொடுக்கவில்லை. அவை வருவாய் ஊழியர்களிடமே இருந்தன. நோட்டை எடுத்தார்கள், நோட்டை எழுதியவரை எடுக்கவில்லை.

வெற்றி என்று சொல்லும்போது யாருக்கு என்றும் கேட்க வேண்டும். பதிவுகள் ஓரிடத்தில் எளிதாகக் கிடைத்தது, பெங்களூரைச் சுற்றிப் பெருமளவில் நிலம் வாங்கியவர்களுக்குச் சிறு விவசாயிகளைவிடக் கூடுதலாக உதவியது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். திட்டத்தின் நோக்கங்களில் அது இல்லை. ஆனால் விளைவுகளில் இருந்தது.


ஒட்டாவா வாசி – பதில்

கனடாவின் மத்திய அரசு ஊழியர்களுக்கான பீனிக்ஸ் சம்பள முறைமை இந்த உரையாடலுக்குப் பொருந்தும் என நினைக்கிறேன். 2016 பெப்ரவரியில் தொடங்கி இரண்டு கட்டங்களில், நூறு வரையான திணைக்களங்களும் அரச நிறுவனங்களும், ஏறத்தாழ 2,90,000 ஊழியர்களும் அதற்கு மாற்றப்பட்டனர். அதன் பின் பல்லாயிரம் பேருக்குச் சம்பளம் குறைவாக வந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. கூடுதலாக வந்ததும் நன்மையல்ல. அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாக நின்றது.

இங்கே நடந்ததை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். முன்னர் ஒவ்வொரு திணைக்களத்திலும் சம்பள ஆலோசகர்கள் இருந்தார்கள். மேலதிக நேரம், பதில் கடமை, மகப்பேற்று விடுப்பு, பின்தேதியிட்ட சம்பள உயர்வு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று விழும்போது எதை முதலில் பதிவது என்பது அவர்களுக்கே தெரியும். புதிய முறைமை வருமுன்னரே அந்தப் பணிகளின் பெரும் பகுதியை நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் மிராமிசி என்ற சிறு நகரில் ஒரு நிலையமாகத் திரட்டினார்கள்; அனுபவம் உள்ள பலர் வேலையை இழந்தனர் அல்லது இடம்பெயர விரும்பாமல் விலகினர். ஆண்டுக்கு 7 கோடி டொலர் மிச்சமாகும் என்ற கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. மென்பொருள் வேலை செய்யும் என்று உறுதியாவதற்கு முன்பே அதனால் வரவிருந்த சேமிப்பைக் கைப்பற்றிவிட்டார்கள்.

இரண்டாவது, ஒதுக்கிய நிதிக்கும் தேதிக்கும் அடங்காமற்போனபோது அவர்கள் எதைக் குறைத்தார்கள் என்பது. பின்தேதிச் சம்பளத்தைக் கணிப்பது போன்ற நூற்றுக்கு மேற்பட்ட செயற்பாடுகளை நீக்கினார்கள் அல்லது பின்னுக்குத் தள்ளினார்கள். ஒரு திணைக்களத்தில் மட்டும் முன்னோட்டமாக ஓட்டிப் பார்ப்பதாக இருந்ததையும் ரத்துச் செய்தார்கள். கணக்காய்வாளர் நாயகம் 2018-ல் வெளியிட்ட அறிக்கை, இதைத் திட்ட முகாமைத்துவத்திலும் மேற்பார்வையிலும் நேர்ந்த, விளங்கிக்கொள்ளவே முடியாத தோல்வி என்று குறிப்பிட்டது. நான் அதில் முக்கியமாகக் கருதுவது, கெட்ட செய்தி மேலே போன விதம். புதிய முறைமை குறித்துத் திணைக்களங்கள் எழுப்பிய கவலைகள், முடிவெடுக்கும் மேசையை அடையும்போது திட்டம் ஆயத்தம் என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியிருந்தன.

எனவே உங்கள் நிர்வாகத்திடம் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஏப்ரல் 1-க்கு முன் யாராவது "இன்னும் ஆயத்தமில்லை" என்று சொன்னால், அந்தச் செய்தியைக் கேட்டுத் தேதியை மாற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு, அவரிடம் அச்செய்தி எந்த வழியாகப் போகும்? பதில் சொல்ல அவர்கள் தடுமாறினால், மென்பொருளின் தரம் எப்படி இருந்தாலும் நீங்கள் கவலைப்படுவது நியாயம்.


கிடங்குக் கணக்கர் – மறுமொழி

அனைவருக்கும் மிக்க நன்றி. லண்டன், பூமி இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோது, நோட்டை எடுக்கலாமா கூடாதா என்று நான் கேட்டது சரியான கேள்வி அல்ல என்று படுகிறது. நிர்வாகத்திடம் பேச நேரம் கேட்டிருக்கிறேன். இரண்டு தடைகள் வரும். ஒன்று, ஆண்டுக் கணக்கு காரணமாக ஏப்ரல் 1-ஐத் தள்ளிப்போடுவது எளிதல்ல. மார்ச் 31 அன்று எண்ணிய இருப்பே புதிய ஆண்டின் தொடக்க இருப்பாக ஏற வேண்டும் என்று தணிக்கையாளர் சொல்கிறார். மற்றொன்று, வார்டுக்கு வார்டு கைமாற்றைச் சேர்க்கச் சொன்னால் அது ஒப்பந்தத்துக்கு வெளியே, தனிக் கட்டணம் என்று நிறுவனத்தார் சொல்கிறார்கள்.


பழைய நிரலர் – பதில்

தணிக்கையாளர் சொல்வது கிடங்குக்குப் பொருந்தும், மற்ற மூன்று பிரிவுகளுக்குப் பொருந்தாது. கிடங்கின் இருப்பு மட்டும் ஏப்ரல் 1 அன்று ஏறட்டும்; நீங்கள் எண்ணி முடித்த பட்டியலை அச்செடுத்து, எண்ணியவரும் நீங்களும் கையெழுத்திடுங்கள். பூமியில் கிராமக் கணக்கர் செய்தது இதுதான். புறநோயாளர் பதிவை அதற்கு முன்பே தொடங்கிவிடலாம், அது வேறெதையும் நம்பியில்லை. வார்டுகளில் ஒன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், அதிலும் இரவில் அதிகம் கைமாற்று நடக்கும் வார்டாகப் பார்த்து எடுங்கள். அமைதியான வார்டில் ஓட்டிப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அந்த வார்டின் நீள நோட்டும் கணினி இருப்பும் தொடர்ந்து சில வாரங்கள் ஒத்துப்போன பிறகு, அந்த வார்டின் செவிலியர் கண்காணிப்பாளர் கையெழுத்திட்டால் நோட்டை மூடலாம் என்று எழுதி வாங்குங்கள். தேதிக்குப் பதிலாக நிபந்தனை. நோட்டு காலவரம்பின்றி நீடிக்கும் என்ற நிர்வாகத்தின் அச்சத்துக்கும் அது விடை சொல்கிறது.

கைமாற்றுத் திரையைப் பொறுத்தவரை, கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் மருத்துவமனையே கைமாற்றை ஒரு முறையான நடைமுறையாக ஏற்று ஒரு பக்கத்தில் எழுதி, மருத்துவக் கண்காணிப்பாளரின் ஒப்புதலோடு கொடுத்தாக வேண்டும். விதியில் இல்லாததை மென்பொருளில் கேட்டால் நிறுவனத்தார் முன்பு சொன்ன அதே பதிலைத்தான் சொல்வார்கள். இரவில் பதிய நேரமிராது, ஆகவே செவிலியர் மருந்தின் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் பதிந்தால் போதும், காலையில் கிடங்கு ஒப்புதல் தரலாம் என்று இரண்டு படிகளாகக் கேளுங்கள். மார்ஃபின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு மட்டும் இந்த வசதி கூடாது; அவற்றுக்குச் சட்டப்படியான தனிப் பதிவேடு உண்டு, அது எந்தத் தேதியிலும் மூடப்படாது என்பதைச் சுற்றறிக்கையில் இப்போதே திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.